குடித்த பிறகு நெஞ்சில் ஒரு மாதிரி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் திருகோணமலையில் எந்தச் சாராயக் கடையைப் பார்த்தாலும் வரிசை நிற்கும். மறுநாள் பூட்டு என்பதால் அடுத்த நாளுக்கும் சேர்த்து வாங்குவார்கள். வாங்கியது பெரும்பாலும் அன்றிரவே முடிந்துவிடும். விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு ஒருவர் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவுவார். வீட்டில் வரும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "கூடக் குடிச்சிட்டார், காஸ் பிடிச்சிருக்கு, வெறி முறிஞ்சா சரியாயிடும்."

பல நேரம் அது சரியாகத்தான் போகும். சரியாகப் போகாத அந்த ஒரு தடவையும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்கும் என்பதுதான் சிக்கல். மாரடைப்பு வந்தவருக்கும் வியர்க்கும், வாந்தி வரும், முகம் வெளிறும். கூடக் குடித்தவருக்கும் அப்படியே. ஆள் குடித்திருக்கிறார் என்று தெரிந்த உடனேயே வீட்டார் காரணத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியின் ஒழுங்கு வேறு: முதலில் இதயம், அடுத்தது வயிறும் மற்றவையும், கடைசியில்தான் குடியைப் பற்றிய பேச்சு.

படி 1: முதல் ஐந்து நிமிடம்

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம் அல்லது இறுக்கம், சில நிமிடம் கடந்தும் விடவில்லை. வலி இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, கழுத்துக்கோ, முதுகுக்கோ ஓடுகிறது. உடம்பு குளிர்ந்து வியர்க்கிறது. மூச்சு வாங்குகிறது. தலை சுற்றி விழப் பார்க்கிறார், அல்லது விழுந்தே விட்டார்.

சலரோகம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். "ஏலாமல் இருக்கு", "மூச்சு முட்டுது" என்று மட்டும் சொல்வார்கள். போதையும் வலியை மழுங்கடிக்கும். ஆகவே "அவ்வளவு நோகேல்லையாம்" என்பதை நம்பி ஆறுதல் அடைய வேண்டாம்.

ஆளை நடக்க விடாதீர்கள். சுவரில் சாய்த்து, கால்களை மடக்கி உட்கார வையுங்கள். சட்டைப் பொத்தானையும் சாரத்தையும் தளர்த்துங்கள். நினைவு மங்கியிருந்து மூச்சு ஒழுங்காக வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சே இல்லை, அல்லது விட்டு விட்டு இழுக்கிறது என்றால் நடு நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

செய்யக் கூடாதவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் முதலில் நடப்பது அவைதான். தேசிக்காய்த் தண்ணீர், மோர், கட்டைக் கோப்பி எதுவும் வெறியை முறிக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் மதுவை எரிக்கும். அதை அவசரப்படுத்த ஒரு வழியும் இல்லை. உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைப்பது இன்னும் மோசம், காரணம் படி 4இல் வரும். கிணற்றடியில் இருத்தித் தலையில் வாளி வாளியாக ஊற்றுவதும் வேண்டாம். பக்கத்து வீட்டு ஐயாவின் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை வாங்கி வைக்கவே வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். ஆள் ஆண்மைக்கான மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

அஸ்பிரின் விஷயம் கொஞ்சம் வேறு. மாரடைப்பு என்று சந்தேகம் இருந்தால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்குவது நல்ல முதலுதவி. ஆனால் குடித்தவருக்கு அதைக் கொடுக்கும் முன் நான்கு கேள்வி: அஸ்பிரின் ஒவ்வாமை உண்டா, இரத்தமாகவோ கோப்பித் தூள் மாதிரியோ வாந்தி வந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா, விழுந்து தலையில் அடிபட்டதா? ஒன்றுக்காவது ஆம் என்றாலும், பதிலே தெரியவில்லை என்றாலும் கொடுக்காமல் விடுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்துக் கொடுப்பார்கள்.

படி 2: 1990, பிறகு வீதி

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தமிழில் பேசலாம். இடம் சொல்லும்போது வீட்டு இலக்கத்தை விடக் கோயில், பள்ளிவாசல், பாடசாலை, சந்தி என்று சொல்வதுதான் வேகமாக வேலை செய்யும். ஒருவர் ரோச் லைட்டோடு வீதி முகப்பில் நிற்கட்டும்.

எங்கே போவது என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. நகரம், உப்புவெளி, சீனக்குடா பக்கம் என்றால் திருகோணமலை மாவட்டப் பொது ஆஸ்பத்திரி. கிண்ணியா, மூதூர், கந்தளாய் மூன்றிலும் ஆதார ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் நகரத்துக்கு வருவது சுலபமாகிவிட்டதால், மூதூர்க்காரர் பலர் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி நேரே "பெரியாஸ்பத்திரிக்கே போவம்" என்று புறப்படுகிறார்கள். என் அபிப்பிராயம்: நெஞ்சு வலிக்கு அது தவறு. பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். இதயத்துக்கு இரத்தம் போகும் குழாயில் அடைப்பு என்று தெரிந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தாமதமின்றித் தொடங்க வழி இருக்கிறது. பிறகு அவர்களே அம்புலன்சில் அனுப்புவார்கள். அந்த மருந்து எவ்வளவு முந்திப் போகிறதோ அவ்வளவு இதயத் தசை தப்பும்; பன்னிரண்டு மணி நேரம் கடந்தால் பயன் மிகவும் குறைந்துவிடும். புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கிருப்பவர்கள் உள்ளூர் ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டாமல் நிலாவெளி வீதியில் பறப்பதில் ஒரு பயனும் இல்லை.

மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக் கொண்டு போகாதீர்கள். கூட இருந்து குடித்தவர் ஓட்டோவையோ வானையோ ஓட்டவும் வேண்டாம்.

கடலில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். போட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுக்கினால் வலையை எடுத்து முடிக்கக் காத்திருக்காமல் கரைக்குத் திரும்புங்கள். உங்கள் வாடி இருக்கும் துறைக்கே போக வேண்டும் என்றில்லை. வாகனம் வரக்கூடிய எந்தக் கரை கிட்டவோ அங்கே விடுங்கள். சிக்னல் கிடைத்ததும் 1990க்கு எடுத்துக் கரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

படி 3: ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

குடித்ததை மறைக்காதீர்கள். மனைவிக்கு முன்னால், மாமனாருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால் அவர்களை வெளியே நிற்கச் சொல்லும்படி டொக்டரிடம் கேளுங்கள். டொக்டர் கேட்பது பொலிசுக்குச் சொல்ல இல்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியுமா, எந்த வலி மருந்து ஈரலைத் தாக்கும் என்றெல்லாம் முடிவெடுக்க அந்தத் தகவல் அவருக்கு வேண்டும்.

சொல்ல வேண்டியவை: வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது (குடி தொடங்கிய நேரம் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள்), என்ன குடித்தார், எவ்வளவு, கடைசியாக எப்போது, எத்தனை தரம் வாந்தி, அதில் இரத்தம் உண்டா, விழுந்தாரா, பிரஷர், சலரோகம், கொலஸ்ட்ரோல் மருந்துகள், சிகரெட். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள். கசிப்பு என்றால் கசிப்பு என்றே சொல்லுங்கள். அதில் மெதனோல் என்ற விஷ மது கலந்திருந்தால் பல மணி நேரம் கழித்து, மறுநாள் கூட, கண் மங்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் போகும், வயிறும் நெஞ்சும் நோகும். அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது, நேரத்துக்குப் போனால் கண்ணைக் காப்பாற்றலாம்.

அடுத்தது, பலர் கோட்டை விடும் இடம். முதல் ஈ.சி.ஜி. நல்லாயிருக்கு என்றதும் "வீட்ட போவம்" என்று நிற்பார்கள். மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈ.சி.ஜி. சாதாரணமாக இருக்கலாம். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் வெளியே தெரியச் சில மணி நேரம் எடுக்கும். அதனால்தான் ஒரு தரம் எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து இன்னொரு தரம் எடுக்கிறார்கள். வார்டில் கட்டில் இல்லாமல் வாங்கில் இருக்க வேண்டி வந்தாலும் இருங்கள். சொந்த விருப்பில் போகிறேன் என்று கையெழுத்து வைத்துவிட்டு வருவது, அதுவும் வெறி முறியாத ஒருவர் அப்படிச் செய்வது, வேண்டவே வேண்டாம்.

படி 4: இதயம் இல்லை என்றார்கள், அப்படியென்றால் எது?

இப்போதுதான் 'காஸ்' என்ற பேச்சுக்கு இடம். அதற்குள்ளும் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன.

மிகப் பொதுவானது நெஞ்செரிவு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது; அமிலம் மேலே வராமல் காப்பது அதுதான். மது அந்தத் தசையைத் தளர்த்துகிறது. அதோடு டெவில் போட்ட கணவாய், பொரித்த இறால், மிக்சர், பிறகு பதினொரு மணிக்குக் கொத்து ரொட்டி, அப்படியே படுக்கை. அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? எரிவு நெஞ்செலும்புக்குப் பின்னால் கீழிருந்து மேலே ஏறும், வாய் புளிக்கும், குனிந்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் குறையும்.

இதற்கு வைத்தியம் நேரானது. சாப்பிட்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்காதீர்கள். தலையணையை அடுக்குவதை விடக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணை கழுத்தை மடக்கி வயிற்றை அழுத்துமே தவிர அமிலத்தைத் தடுக்காது. டொக்டர் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் குளிசை எழுதித் தந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு எடுத்தால் பாதிப் பலன்தான். ஆனால் ஒமிப்ரசோலைப் போட்டுக்கொண்டு மறுபடியும் குடிப்பவர்களைப் பார்க்கும்போது, அந்தக் குளிசை குடிக்க ஒரு அனுமதிச் சீட்டாகிவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் மெலிவு, கறுப்பு மலம் இருந்தால் குளிசையோடு நிற்காமல் கமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமில மருந்து குடித்து வலி குறைந்தால் "பார், காஸ்தான்" என்பார்கள். மாரடைப்பு வலியும் சில நேரம் தானாகக் குறைந்து திரும்ப வரும். மருந்து குடித்த நேரமும் வலி குறைந்த நேரமும் ஒத்துப்போனது எதையும் நிரூபிக்காது.

அடுத்தது வாந்தி தரும் வலி. திரும்பத் திரும்ப ஓங்காளித்தால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்தோல் கிழியும். முதலில் வெறும் வாந்தி, அப்புறம் சிவப்பு. பெரும்பாலும் தானாக நிற்கும் என்றாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியது. அரிதாக முழுச் சுவருமே கிழிந்துவிடும்: பலமான ஒரு வாந்திக்குப் பிறகு திடீரென்று நெஞ்சைப் பிளப்பது போல வலி, மூச்சு எடுக்கவே நோவு, சில பேருக்குக் கழுத்துத் தோலைத் தொட்டால் நொறுநொறுவென்று காற்றுச் சத்தம். இது அன்றைக்கே சத்திரசிகிச்சை வரை போகக்கூடியது. ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்காமல் கொண்டு போங்கள். வற்புறுத்தி வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கணையம் அழன்றாலும் ஆட்கள் "நெஞ்சுக் குழி" என்றே காட்டுவார்கள். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குக் குத்திப் போகும், மல்லாக்கப் படுக்க ஏலாது, முன்னால் குனிந்து இருந்தால் கொஞ்சம் சுகம், வாந்தி நிற்காது. மணிக்கணக்காக அல்ல, நாட்கணக்காக நீளும். கட்டாயம் வார்ட்தான்.

விழுந்த வலியும் இருக்கிறது. இரவு சைக்கிளோடு கானுக்குள் விழுந்தது காலையில் ஞாபகம் இருக்காது. விலா எலும்பை அழுத்தினால் நோகும், இருமினால் நோகும். அழுத்தினால் நோகிறது என்பதற்காக இதயத்தை மறந்துவிடவும் கூடாது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலும் சளியும் நெஞ்சுக் குத்தும் வந்தால், வாந்தி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருக்கலாம்.

எந்த வலிக்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபென் மாதிரியான மருந்துகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். மதுவோடு சேர்ந்து இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரும். பரசிட்டமோல் கூட, தினமும் குடிப்பவர் என்றால், எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படி 5: வலியில்லை, படபடப்பு மட்டும்

மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன். ஹோட்டலில் நாள் முழுக்க வெயிலில் வேலை, தண்ணீர் குடிக்க நேரமில்லை, லீவு கிடைத்த இரவில் ஒரே மூச்சில் குடி. மறுநாள் காலை நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது. வயது முப்பதுதான், வேறு நோய் எதுவும் இல்லை.

இதற்கு மருத்துவத்தில் 'விடுமுறை இதயம்' என்றே பெயர். 1978இல் எற்றிங்கர் என்ற அமெரிக்க வைத்தியரும் குழுவும் வைத்த பெயர் அது. வார இறுதியிலும் விடுமுறையிலும் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள் இதயத் துடிப்புக் குழம்பி வருவதைக் கவனித்திருந்தார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. வியர்வையாலும் வாந்தியாலும் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கினால் இன்னும் கூடும். பெரும்பாலானோருக்கு ஒரு நாளுக்குள் பழையபடி ஆகிவிடும். ஆனால் நடுங்கும் அறைக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

நாடியைப் பார்க்கப் பழகுங்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையை விட ஒழுங்கு முக்கியம். எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் ஒன்று கிட்ட ஒன்று எட்ட அடித்தாலோ, சும்மா இருக்கும்போதே 120ஐத் தாண்டினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்தால்தான் பிடிபடும், நின்ற பிறகு போனால் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். சலரோகத்துக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர் என்றால் முதலில் சீனி அளவைப் பாருங்கள். சாப்பிடாமல் குடித்தால் சீனி இறங்கி இதே படபடப்பும் வியர்வையும் வரும், பார்ப்பவர்களுக்கு வெறி மாதிரியே இருக்கும்.

பல வருடம் தினமும் குடித்தவருக்கு இன்னொன்று உண்டு. இதயத் தசையே தளர்ந்து, இதயம் பெருத்துவிடும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இரவில் எழுந்து ஜன்னலைத் திறப்பார். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் தெரியும். குடியை முற்றாக விட்டவர்களில் பலருக்கு இதயம் ஓரளவு, சில பேருக்கு நன்றாகவே, மீண்டு வரும். மற்ற இதய நோய்களில் இப்படிச் சொல்ல முடிவது குறைவு.

படி 6: உண்மையில் எவ்வளவு?

"கொஞ்சம்தான்" என்பது அளவு அல்ல. மில்லிலீற்றரை வீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.8ஆல் பெருக்குங்கள், தூய மது எத்தனை கிராம் என்று வரும். 33 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர், அதாவது கால் போத்தல், சுமார் 48 கிராம். முழுப் போத்தல் 200 கிராம் வரை. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லிலீற்றர் ரின் ஒன்று 35 கிராம்.

ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் போனால் அதை அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. "நான் சாராயம் தொடுறேல்ல, பியர் மட்டும்தான்" என்பவர் இரண்டாவது ரின்னிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். கசிப்பில் எத்தனை வீதம் என்று காய்ச்சியவருக்கே தெரியாது, அதற்குக் கணக்கு இல்லை.

இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: குடித்த கிராம், கூடச் சாப்பிட்டது, படுத்த நேரம், நெஞ்சில் என்ன வந்தது. கிளினிக்கில் டொக்டருக்கு உங்களோடு பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டினால் அதுவே பேசும்.

படி 7: நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

பயந்துபோனவர் "இனித் தொட மாட்டன்" என்று அன்றைக்கே விடுவார். இடைக்கிடை குடிப்பவருக்கு அதில் பிரச்சினை இல்லை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், நடுக்கம் நிற்க ஒரு முடக்கு வேண்டியவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, நெஞ்சில் இறுக்கம், பயம் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும். காய்ச்சலும் உச்சப் படபடப்பும் சேர்ந்தால் உயிர் போகும் நிலை. இந்த நெஞ்சு இறுக்கத்தை மாரடைப்பு என்று நினைத்து ஓடி வருபவர்களும் உண்டு. ஓடி வருவது சரிதான், வந்து "குடியை விட்டு இரண்டு நாள்" என்பதையும் சொல்ல வேண்டும்.

மாவட்டப் பொது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். சில நாட்களுக்கு அளவு குறைத்துக் குறைத்துத் தரும் மருந்தும் தயமின் என்ற விற்றமின் பி1ம் தருவார்கள். தயமின் குறைந்தால் மூளையும் இதயமும் இரண்டுமே பாதிக்கும், அதனால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றும் முன் அது போக வேண்டும். "சேலைன் ஒன்று ஏத்தினா தெளிஞ்சிடும்" என்று தனியாரிடம் போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. நடுக்கத்துக்கு என்று மருந்துக் கடையில் தூக்கக் குளிசை வாங்கிப் போட்டு, ஏலாமல் போய் மேலே குடிப்பது மூச்சையே நிறுத்திவிடும்.

கடைசியாக, கதிர்காமப் பாத யாத்திரை. நேர்த்தி வைத்து நடப்பவர்களில் புறப்படும் நாளில்தான் குடியை விடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: நடுக்கமும் வலிப்பும் வரக்கூடிய அந்த இரண்டு மூன்று நாட்கள், வெருகல் பக்கம் வெயிலில், தண்ணீர் குறைவாக, ஆஸ்பத்திரி எட்டத்தில் இருக்கும்போது வரும். தினமும் குடிப்பவர் யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பே மனநலப் பிரிவில் பதிந்து, மருந்தோடு விட்டுவிட்டு, தயமின் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கட்டும். கூட நடப்பவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.